உங்கள் டேட்டா அம்பத்தூரில் நலம்!

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சமீபத்தில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். லேத் பட்டறை, பவுடர் கோட்டிங் ஷெட், பிரிண்டிங் பிரஸ் எல்லாவற்றுக்கும் நடுவே ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. காம்பவுண்டு சுவர் உயரம். பெயர்ப் பலகை சின்னது. ஷிப்டு முடிந்து கும்பலாக யாரும் வெளியே வருவதில்லை. அந்த வாசலில் டீக்கடை போட்டவர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அதெல்லாம் டேட்டா சென்டர். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் என்றால் டி.ஐ. சைக்கிள், டன்லப் டயர், பாடி வரும்போது பிரிட்டானியா பிஸ்கட் வாசனை. 1964-ல் சிறுதொழில்களுக்காக ஆரம்பித்த பேட்டை இது. இப்போது இங்கே புதிதாக வந்து குடியேறியிருப்பது நீங்களும் நானும்தான். நம்முடைய கார்டு கணக்கு, ஃபோட்டோ, மெயில், யாருக்கு எத்தனை மணிக்கு என்ன அனுப்பினோம் என்கிற விவரம் எல்லாம் இந்த மாதிரிக் கட்டடங்களில் ஏ.சி. போட்டுப் படுத்துக் கிடக்கின்றன.

ஜப்பானிய என்.டி.டி. நிறுவனம் 2023-ல் இங்கே ஆறு ஏக்கரில் ஒன்றைத் திறந்தது. மொத்தத் திட்டம் 34.8 மெகாவாட். 2024 ஜனவரியில் 'டிஜிட்டல் கனெக்சியன்' பத்து ஏக்கரில் வந்தது. வளர வளர 100 மெகாவாட் வரை போகலாம் என்று கணக்கு. கன்ட்ரோல்-எஸ் நிறுவனமும் அம்பத்தூரில் இருக்கிறது. டேட்டா சென்டரை இப்போதெல்லாம் சதுர அடியில் அளப்பதில்லை, மெகாவாட்டில்தான் அளக்கிறார்கள். அவ்வளவு கரன்ட் தின்கிற பிராணி.

ஏன் அம்பத்தூர்? கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னைக் கடற்கரையில் கரையேறுகின்றன, அது ஒன்று. தமிழக அரசு 2021-ல் டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டுச் சலுகைகள் அறிவித்தது, அது இரண்டு. மூன்றாவது காரணம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் கொஞ்சம் புலம்பப் போகிறேன்.

2018 ஏப்ரல் 6-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பணப் பரிமாற்றம் நடத்துகிற கம்பெனிகள் அது தொடர்பான விவரங்களை இந்தியாவுக்குள் மட்டுமே வைத்திருக்க வேண்டும், ஆறு மாதம் அவகாசம், அக்டோபர் 15 கெடு. விசா, மாஸ்டர்கார்டு எல்லாம் கையைப் பிசைந்தார்கள். ரிசர்வ் வங்கி அசையவில்லை. சபாஷ் என்று நானும்தான் கை தட்டினேன், இப்போதும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நம் வங்கிக் கணக்கை மேற்பார்வை பார்ப்பவர் கேட்டவுடன் விவரம் கிடைக்க வேண்டும், அதற்காக அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க முடியாது. நியாயம்தான்.

அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு, தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு ஒரு வரைவு மசோதா கொடுத்தது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நகலாவது இந்தியாவில் இருக்க வேண்டும் என்றது அது. 2019 ஜனவரியில் குஜராத் முதலீட்டாளர் மாநாட்டில் முகேஷ் அம்பானி, இந்தியர்களின் டேட்டாவை இந்தியர்களே வைத்திருக்க வேண்டும், இது புதிய காலனி ஆதிக்கம் என்று பேசினார். காந்தியையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். நாடே தலையாட்டியது.

ஒரு சின்ன வேடிக்கை. மேலே சொன்ன அம்பத்தூர் டிஜிட்டல் கனெக்சியன் யாருடையது தெரியுமா? கனடாவின் புரூக்ஃபீல்டு, அமெரிக்காவின் டிஜிட்டல் ரியால்டி, நம்ம ரிலையன்ஸ் மூவரும் கூட்டு. தப்பு ஒன்றும் இல்லை, பிசினஸ் என்றால் அப்படித்தான். அந்த மேடைப் பேச்சு மட்டும் என் காதில் இன்னும் ஒலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "டேட்டா நம்ம நாட்டில் இருந்தால் பத்திரம்" என்று ஒரு எண்ணத்தை நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். அது பத்திரமாக இருந்ததா என்று நம் மாநிலக் கதைகளை மட்டும் பார்ப்போமே.

2021 கோடையில், தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதாரர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே கிடக்கின்றன என்று பெங்களூரைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. பெயர், முகவரி, குடும்ப உறவு, ஆதார் எண். ரேஷன் கடையில் பாமாயிலுக்கு நின்றவர்களின் குடும்பப் படம் முழுசாக!

2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் போர்ட்டலுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு போய்விட்டது, மேலோட்டமாகப் பார்க்கத்தான் முடிந்திருக்கும், உள்ளே கை வைக்க முடியாது என்று போலீஸ் விளக்கம் சொன்னது. நம் முகத்தைப் பார்த்து நம்மை யாரென்று சொல்கிற யந்திரம், அந்தப் பாஸ்வேர்டைப் போட்டது யாரென்று பார்க்கவில்லை.

அப்புறம் 2024 செப்டம்பர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் ஒரு தானியங்கி வழியாகக் கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. கேட்டால் தரும். பாலிசி, முகவரி, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. 3.1 கோடி பேர் விவரம் தன்னிடம் இருப்பதாக அந்தத் திருடன் பீற்றிக்கொண்டான். கம்பெனி சென்னை உயர்நீதிமன்றம் போய், டெலிகிராமுக்கும் அந்த ஆசாமிக்கும் எதிராக இடைக்காலத் தடை வாங்கியது. தங்களிடம் 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்தது என்றும், தாங்கள் ஒரு சைபர் தாக்குதலுக்கு ஆளானவர்கள் என்றும் சொன்னது.

கம்பெனி பாதிக்கப்பட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பாலிசிதாரர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் யாருக்காவது பத்து ரூபாய் நஷ்டஈடு வந்தது என்று நான் இதுவரை படிக்கவில்லை.

இந்த மூன்றிலும் கவனியுங்கள். எந்த வெளிநாட்டுக்காரனும் நம் டேட்டாவை ஏற்றிக்கொண்டு கப்பலேறவில்லை. நம் ஊர் அரசு, நம் ஊர் போலீஸ், நம் ஊர் கம்பெனி கையில் இருந்ததுதான் போயிற்று. சர்வர் அம்பத்தூரில் இருந்தால் என்ன, அலாஸ்காவில் இருந்தால் என்ன? பாஸ்வேர்டைத் தொலைப்பதற்கு விசா தேவையில்லை.

ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஒருநாள் காலையில் அவருக்கு ஒரு ஃபோன். "சார், உங்க மெடிக்கல் பாலிசி இன்னும் பதினொரு நாள்ல முடியுது. உங்களுக்கு சுகர் இருக்கிறதால நாங்க ஸ்பெஷல் ஸ்கீம் தர்றோம்..." பெரியவர் உஷார். பேசாமல் வைத்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கு சுகர் இருக்கிறது அவனுக்கு எப்படிப்பா தெரியும்?"

என்னத்தச் சொல்ல? ரத்தப் பரிசோதனை செய்த லேப் ஒன்று. மாத்திரை வாங்கும் கடையில் பில் போடும்போது மொபைல் நம்பர் சொல்கிறார். ஆஸ்பத்திரி இருக்கிறது. பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. அஞ்சு இடத்தில் எங்கே ஓட்டை என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன். "யார் மேலப்பா கொடுக்கிறது?" என்றார். பணம் போயிருந்தால் 1930-க்கு ஃபோன் செய்யலாம். போகவில்லையே. சுகர்தானே போயிருக்கிறது.

இந்த இடத்தில் ஒருத்தர் கட்டாயம் எழுந்து நிற்பார். "மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. என் டேட்டாவை எடுத்து என்ன பண்ணப் போறான்?" அவர் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் தைராய்டு ரிப்போர்ட்டை மாப்பிள்ளை வீட்டார் டெலிகிராமில் கேட்டு வாங்குகிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மடியில் கனம் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், செக்‌ஷன் நம்பர்களை ரொம்பக் கொட்ட மாட்டேன்.

கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமி, 2012-ல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லை என்று மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார்கள். உரிமை என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும். 2018-ல் ஒரு வரைவு, 2019-ல் ஒரு மசோதா, 2022-ல் அதை வாபஸ் வாங்கி, 2023 ஆகஸ்டில் ஒருவழியாக டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். விதிகள் வந்தது 2025 நவம்பர். கம்பெனிகள் நிஜமாகக் கட்டுப்பட வேண்டிய பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதாவது 2027 மே. தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து நாலாம் வகுப்புக்குப் போய்விடும். புட்டசாமி அதற்குக் காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார்.

தாமதத்தைக்கூட மன்னிக்கலாம். நான் பி.காம். படித்தவன். எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் எனக்குத் தோன்றும் முதல் கேள்வி, பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பதுதான். பேரேட்டில் யாருக்குப் பற்று, யாருக்கு வரவு?

புதுச் சட்டப்படி, உங்கள் தகவலைப் பாதுகாக்க ஒரு கம்பெனி ஒழுங்கான ஏற்பாடு செய்யவில்லை என்றால் அதிகபட்சம் 250 கோடி ரூபாய் அபராதம். கசிந்ததைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை. பத்திரிகைகள் எல்லாம் '250 கோடி அபராதம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்த 250 கோடி எங்கே போகிறது என்று எத்தனை பேர் எழுதினார்கள்? மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. டேட்டா உங்களுடையது. தொலைத்தது கம்பெனி. கல்லாவில் விழுவது அரசாங்கத்துக்கு. உங்களுக்கு? ஒன்றும் இல்லை.

போகட்டும், ஏற்கெனவே இருந்ததையாவது விட்டுவைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஒரு கம்பெனி அலட்சியமாக இருந்து உங்கள் முக்கியமான தனிப்பட்ட தகவலை, அதாவது பாஸ்வேர்டு, வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு மாதிரி விஷயங்களை, கோட்டைவிட்டு அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால், அது உங்களுக்கு ஈடு தர வேண்டும். புதுச் சட்டம் அந்த 43-ஏ பிரிவை அப்படியே நீக்கச் சொல்கிறது. இதில் கூத்து என்னவென்றால், ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. ஐரோப்பாவில் 2018-லிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டத்திலும் இருக்கிறது. நம் 2023 சட்டத்தில் மட்டும் காணோம். எங்கோ வழியில் விழுந்துவிட்டது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், வாரியம் விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றைக் கேளுங்கள். பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் உங்களுக்கு, ஆம், உங்களுக்குத்தான், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்! ஆவடிப் பெரியவர் தன் சுகர் எங்கிருந்து கசிந்தது என்று தெரியாமல் லேப் மேல் ஒரு புகார் எழுதிப் போட்டு, அது அற்பம் என்று முடிவானால்? அவருடைய பென்ஷன்தான் அற்பமாகப் போகும்.

இதைப் பாங்க் லாக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் லாக்கரில் வைத்த நகை போனால் "உள்ளே என்ன வைத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது" என்று வங்கி கைவிரிக்கும். ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி 1 முதல் அதை மாற்றியது. திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்று வங்கியின் தவறால் போனால், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. இரண்டாயிரம் ரூபாய் வாடகை என்றால் இரண்டு லட்சம். நூறு பவுன் வைத்தவருக்கு இது போதாதுதான். ஆனாலும் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒரு தொகை இருக்கிறது. அதே ரிசர்வ் வங்கி, அதே இந்தியா. நகைக்குத் தோன்றிய யோசனை ரத்த ரிப்போர்ட்டுக்கு ஏன் தோன்றவில்லை?

அரசாங்கம் தனக்கு என்ன வைத்துக்கொண்டது என்றும் பார்த்துவிடுவோம். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி, எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்து மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். நாட்டின் பாதுகாப்புக்கு விலக்கு தேவைதான், நான் ஒன்றும் ஒற்றர்களைக் கைகட்டி வைக்கச் சொல்லவில்லை. அந்த விலக்கு தேவைதானா, அளவோடுதான் இருக்கிறதா என்று பார்க்கச் சுதந்திரமான ஒரு ஆள் வேண்டாமா? வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசு. ஆட்டத்தில் ஆடுகிறவரே அம்பயருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் வந்தது ஒரு தேதி விஷயத்தில். உங்களுக்குப் பாதுகாப்பு தரும் பிரிவுகள் 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும் என்றேன் இல்லையா? அதே சட்டத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் ஒரு பிரிவும் இருக்கிறது. அது 2025 நவம்பரிலேயே உடனடியாக அமலுக்கு வந்துவிட்டது! அவகாசம் கிடையாது, தயாரிப்பு கிடையாது. முன்பு, ஒருவரின் தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுப்பணியோடு சம்பந்தம் இருந்தால் கேட்டு வாங்கலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரு அழகான வரி இருந்தது. இப்போது அதெல்லாம் போய், 'தனிப்பட்ட தகவல்' என்று முத்திரை குத்தினால் முடிந்தது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. அதைத் தீர்மானிப்பவர் தரமாட்டேன் என்று சொன்ன அதே ஆபீஸ்தான். அப்புறம் நீங்கள் அப்பீல் மேல் அப்பீல் போய்க்கொண்டிருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தது. மெஷின்கள் நாசம், சின்ன முதலாளிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அந்தக் கால்வாயைத் தூர் வார டெண்டர் எடுத்தது யார், பில்லில் கையெழுத்துப் போட்டது யார் என்று ஒரு லேத் பட்டறைக்காரர் கேட்டால், "பெயரெல்லாம் தனிப்பட்ட தகவல்" என்று பதில் வர இப்போது வழி இருக்கிறது. நம் டேட்டாவுக்குப் போர்த்த வேண்டிய போர்வையை எடுத்து அவர்கள் போர்த்திக்கொண்டார்கள்.

அதற்காக ஒன்றுமே நடக்காது என்று மூலையில் உட்கார வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை, எல்லாப் புது செல்ஃபோன்களிலும் 'சஞ்சார் சாத்தி' என்கிற அரசு ஆப்பை முன்கூட்டியே போட்டு விற்க வேண்டும், 90 நாள் கெடு என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. அதன் வசதிகளை முடக்கக்கூடாது என்றும் ஒரு வாசகம். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம். ஐபோன் தயாராகும் ஃபாக்ஸ்கான் ஆலை அங்கேதான் இருக்கிறது. அங்கே செய்யும் ஃபோனிலும் இது ஏற வேண்டும் என்று அர்த்தம். திருட்டு ஃபோனைக் கண்டுபிடிக்க நல்ல ஆப்தான், வேண்டும் என்பவர்கள் இறக்கிக்கொள்ளட்டும். கட்டாயம் என்றதும் எதிர்க்கட்சிகள் கத்தின, பத்திரிகைகள் எழுதின, ஜனங்களும் முணுமுணுத்தார்கள். டிசம்பர் 3-ம் தேதி உத்தரவு வாபஸ்! செய்தி வெளியே வந்து மூன்றே நாள்.

2022 மே மாதக் கதை ஞாபகம் இருக்கிறதா? ஆதார் ஜெராக்ஸைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், ஓட்டல், சினிமா தியேட்டரெல்லாம் அதை வாங்கி வைக்க அதிகாரம் இல்லை என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ரொம்ப நல்ல அறிவுரை. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது, ஜனங்கள் தப்பாக அர்த்தம் செய்துகொள்வார்களாம்! நல்லதும் ரெண்டு நாளில் வாபஸ், கெட்டதும் மூணு நாளில் வாபஸ். கத்துகிற சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்கிறது. அதனால் கத்துங்கள் என்கிறேன்.

கடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் "சார், மொபைல் நம்பர்?" என்பார்கள். நம்பர் தந்தால்தான் பில் போடுவேன் என்று எந்தக் கடையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. "நம்பர் வேணாம்மா, பில் மட்டும் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் முழிக்கும். கம்ப்யூட்டரில் பத்து ஒன்பதுகளைத் தட்டும். பில் வந்துவிடும். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார், கண்டுகொள்ளாதீர்கள்.

பெரிய விஷயத்துக்கும் ஒரு வழி இன்னும் பாக்கி இருக்கிறது. 43-ஏ பிரிவை நீக்குவதும் 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகிறது. அதுவரை அது உயிரோடுதான் இருக்கிறது. இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். ஐந்து கோடி ரூபாய் வரை கேட்கும் வழக்குகளை அவரே விசாரிக்கலாம். சும்மா ஏட்டில் இருக்கிற அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒரு வெளிநாடு வாழ் தமிழரின் பணத்தை 2007-ல் போலி மெயில் அனுப்பிச் சுருட்டிவிட்டார்கள். நீங்கள்தான் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏமாந்தீர்கள் என்றது வங்கி. அவர் விடவில்லை. சென்னையில் இதே அதிகாரியிடம் மனு கொடுத்தார். வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லை என்று 2010 ஏப்ரலில் உத்தரவு வந்தது: 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாயை வாடிக்கையாளருக்குக் கொடு! வங்கி அப்பீல் போனது, அது தனிக் கதை. அந்த உத்தரவு பக்கத்தில் இருக்கும் 43-ம் பிரிவு வகையறாவில் வந்தது. தகவலைக் கோட்டைவிடும் கம்பெனிகளுக்கென்றே அப்புறம் சேர்த்ததுதான் 43-ஏ. அரசு ஆபீஸ்கள் மேல் இது பாயாது, கம்பெனிகள் மேல் மட்டும்தான்.

உங்கள் மெடிக்கல் ரிப்போர்ட் வெளியே போய் நஷ்டப்பட்டிருக்கிறீர்கள், போன இடமும் தெரியும், காட்டக் காகிதமும் கையில் இருக்கிறது என்றால் ஒரு நல்ல வக்கீலைப் போய்ப் பாருங்கள். போகும்போது பாலிசி, லேப் பில், வந்த ஃபோன் நம்பர், தேதி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வக்கீலிடம் ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.